எங்க வீட்டுத் திண்ணையில ஒரு மாநாடு

உங்க ஊர் எதுன்னு யாராவது கேட்டா என்ன சொல்வீங்க? ஊர்ப் பேரைச் சொல்வீங்களா, இல்ல பக்கத்துல இருக்கிற பெரிய ஊரோட பேரைச் சொல்லித் தப்பிச்சுப்பீங்களா?

நான் ரெண்டு வருஷமா "பாண்டிச்சேரி பக்கம்"னு சொல்லிட்டு இருந்தவ. பொய்யும் இல்லை. ஈ.சி.ஆர்.ல பஸ் ஏறினா ஒரு மணி நேரத்துல பாண்டி வந்துரும். ஆனா என் ஊர் எக்கியார்குப்பம். மரக்காணத்துக்குப் பக்கத்துல இருக்கிற மீனவ கிராமம். கிழக்கே கடல், ரோட்டைத் தாண்டினா உப்பளம்.

அந்தப் பேரைக் கூகுள்ல போட்டுப் பாருங்க. 2023 மே மாசம் மெத்தனால் கலந்த சாராயம் குடிச்சு எங்க ஊர்லயும் சுத்துப்பட்டுலயும் பத்துப் பேருக்கு மேல செத்துப்போன செய்திதான் வரிசையா வரும். அப்போ நான் முதல் வருஷம். ஹாஸ்டல்ல ஒரு பொண்ணு போன்ல செய்தி பார்த்துட்டு, "ஏய், இது உங்க ஊரா?"ன்னு கேட்டா. அவ கேட்டதுல தப்பு எதுவும் இல்லை. ஆனா அதுக்கப்புறம் ஊர்ப் பேரைச் சொல்ல எனக்கு வாய் வரலை.

இந்தக் கட்டுரை பசுங்கணிகத்தைப் பத்தினது. அதுக்கும் என் ஊர்ப் பேருக்கும் என்ன சம்பந்தம்னு கேட்காதீங்க, வரேன். மெக்கானிக்கல், ஈ.சி.ஈ. மக்களும் ஓடிடாதீங்க. பத்தாம் வகுப்பு அறிவியல் ஞாபகம் இருந்தாலே போதும்.

போன பிப்ரவரியில எங்க பயோடெக்னாலஜி துறையில ரெண்டு நாள் மாநாடு நடந்துச்சு. மாணவர்களுக்கு ஆளுக்குப் பத்து நிமிஷம் பேச்சு, அஞ்சு நிமிஷம் கேள்வி. எனக்குக் கிடைச்ச தலைப்பு, "பசுங்கணிகப் பொறியியலும் அதன் புதிய பயன்களும்". அதாவது, இலையில இருக்கிற குளோரோபிளாஸ்ட்டோட டி.என்.ஏ.வை மாத்தி, அது வழக்கமா செய்யாத வேலையைச் செய்ய வைக்கிறது. மருந்து தயாரிக்கிறது, பூச்சியைத் தடுக்கிறது, உப்பைத் தாங்குறது, இப்படி.

இதுக்குன்னே உலக அளவுல மாநாடு நடக்குது. கார்டன் ஆராய்ச்சி மாநாடுகள்னு ஒரு பெரிய வரிசை இருக்கு, அதுல குளோரோபிளாஸ்ட் பயோடெக்னாலஜிக்குத் தனித் தொடர் உண்டு. அங்க ஒரு விதி இருக்கு. பேசுறதை ரெக்கார்ட் பண்ணக்கூடாது, வெளியில எடுத்துப் போட்டு எழுதவும் கூடாது. அப்பதான் இன்னும் வெளியிடாத ஆராய்ச்சியையும், தோத்துப்போன சோதனையையும் மனசு விட்டுப் பேசுவாங்களாம். நம்ம காலேஜ் மாநாட்டுல அந்தப் பயம் இல்லை. நாம பேசுறதை ரெக்கார்ட் பண்ண யாரும் வரமாட்டாங்க.

ஸ்லைடு எல்லாம் தயார் பண்ணிட்டு, ஒத்திகை பார்க்க அந்த வாரக் கடைசியில ஊருக்குப் போனேன். ஞாயித்துக்கிழமை சாயங்காலம். திண்ணையில லேப்டாப். கேட்கிறவங்க மூணு பேர். எங்க அம்மா, ஆயா, அப்புறம் கேட்காத மாதிரி வலையைச் சரிபார்த்துட்டு இருந்த அப்பா.

அம்மா உப்பளத்துல வேலை பார்க்கிறாங்க. தை மாசத்துக்கு மேல சீசன் சூடு பிடிச்சதும் விடியறதுக்கு முன்னாடியே கிளம்பிடுவாங்க. அவங்க ஆறாவது வரைக்கும் படிச்சவங்க. அதனால ஆங்கிலத்துல இருந்த ஸ்லைடை மூடி வெச்சுட்டு வாயாலயே சொல்ல ஆரம்பிச்சேன்.

"இலையில பச்சை இருக்குல்லம்மா, அது சும்மா நிறம் இல்லை. இலையோட ஒவ்வொரு செல்லுக்குள்ளயும் சின்னச் சின்ன பச்சை உருண்டையா நூறு வரைக்கும் இருக்கும். அதுங்கதான் வெயிலைப் பிடிச்சு செடிக்குச் சாப்பாடு பண்ணுதுங்க. கோடிக்கணக்கான வருஷத்துக்கு முன்னாடி அதுங்க தண்ணியில தனியா வாழ்ந்த பாக்டீரியா. இன்னொரு செல்லுக்குள்ள போய் அங்கேயே தங்கிடுச்சு. அதனாலதான் அதுங்களுக்குன்னு தனியா டி.என்.ஏ. இருக்கு."

"வீட்டோட மாப்பிள்ளை மாதிரி"ன்னாங்க ஆயா. அப்பா வலையிலிருந்து தலையைத் தூக்கவே இல்லை.

அம்மாவுக்குப் புரியணும்னு உப்பளத்துலயே ஒரு உதாரணம் சொன்னேன். உப்பு இறங்கப் போற பாத்தியில சில நாள் தண்ணி லேசா செவந்து தெரியும். அம்மாவுக்கு அது பழகின அடையாளம், தண்ணி முத்திடுச்சுன்னு அர்த்தம். அந்தச் செவப்புக்கு உப்பை விரும்புற நுண்ணுயிர்கள்தான் காரணம். அதுல ஒண்ணு டுனாலியெல்லா சலைனாங்கிற பாசி. ஒரே செல், அதுக்குள்ள கிண்ணம் மாதிரி ஒரே ஒரு பசுங்கணிகம். உப்பும் வெயிலும் ஏற ஏற அந்தப் பசுங்கணிகம் பீட்டா கரோட்டினைச் சேர்த்து வெச்சுக்கும். கேரட்டுக்கு நிறம் குடுக்கிற அதே பொருள். "நீ தினம் கால் வெச்சு நிக்கிற தண்ணியிலயே என் செமினார் இருக்கும்மா"ன்னு சொன்னேன். அம்மா தன் காலைப் பார்த்தாங்க. உப்புத் தண்ணி அரிச்ச வெடிப்பு.

"சரி, மேல சொல்லு."

வரலாற்றைச் சுருக்கமா சொன்னேன், உங்களுக்கும் அதே அளவு. 1986-ல ஜப்பான் விஞ்ஞானிகள் புகையிலையோட பசுங்கணிக டி.என்.ஏ. முழுசையும் படிச்சு முடிச்சாங்க. சுமார் 1,56,000 எழுத்து. 1988-ல கிளாமிடோமோனாஸ்ங்கிற பாசியிலயும், 1990-ல புகையிலையிலயும் பசுங்கணிகத்துக்குள்ள வெளி மரபணுவை நிரந்தரமா வெச்சுக் காட்டினாங்க. எப்படி உள்ள அனுப்புறாங்க? துப்பாக்கியால. நிஜமாவே அதுக்கு ஜீன் கன்னுதான் பேர். கண்ணுக்குத் தெரியாத தங்கத் துகள்கள் மேல டி.என்.ஏ.வைப் பூசி, இலை மேல அழுத்தத்தோட சுடுவாங்க.

"தங்கமா?"ன்னு நிமிர்ந்தாங்க ஆயா.

இங்கதான் அம்மாவோட முதல் கேள்வி வந்துச்சு. "ஒரு செல்லுல நூறு பச்சைன்னு சொன்ன. நீ சுடுறது ஒண்ணு ரெண்டுலதான படும்? மத்ததெல்லாம் பழசாவேதான இருக்கும்? ஒரு பாத்தியில நல்ல தண்ணி விட்டா முழு அளமும் மாறிடுமா?"

நான் எட்டாவது ஸ்லைடுல வெச்சிருந்த விஷயம் அது. ஒவ்வொரு பசுங்கணிகத்துலயும் டி.என்.ஏ. பல நகல் இருக்கும். ஒரு இலைச் செல்லுல மொத்தம் 10,000 நகல் வரைக்கும் வரும். அத்தனையும் மாறினாதான் செடி நிலையா இருக்கும். அதுக்கு ஒரு வழி வெச்சிருக்காங்க. புது மரபணுவோட சேர்த்து, ஸ்பெக்டினோமைசின்ங்கிற மருந்தைத் தாங்குற மரபணு ஒண்ணையும் உள்ள அனுப்புவாங்க. அப்புறம் அந்த மருந்து கலந்த ஊட்டத்துல இலைத் துண்டை வளர்ப்பாங்க. மாறாத செல் வெளுத்துப்போகும். மாறினது பச்சையா துளிர்க்கும். அந்தப் பச்சையை வெட்டி மறுபடி அதே மருந்துல வளர்ப்பாங்க. இப்படி ரெண்டு மூணு சுத்து போனா பழைய நகல் எல்லாம் ஒழிஞ்சு, புதுசு மட்டும் மிஞ்சும்.

"களை எடுக்கிற மாதிரி"ன்னு அம்மா முடிச்சாங்க. என் எட்டாவது ஸ்லைடு அவ்வளவுதான்.

இவ்வளவு பாடுபட்டு ஏன் பசுங்கணிகத்துக்குள்ள வைக்கணும்? நகல் அதிகம்ங்கிறதால உற்பத்தியும் அதிகம். 2001-ல பூச்சியைக் கொல்லும் பி.டி. புரதம் ஒண்ணை, புகையிலை இலையோட கரையும் புரதத்துல 46 சதவீதம் வரைக்கும் உற்பத்தி பண்ணிக் காட்டினாங்க. செஞ்சது ஹென்றி டேனியலோட குழு. அமெரிக்காவுல வேலை செய்றவர், இந்தத் துறையோட முன்னோடிகள்ல ஒருத்தர். அவர் முனைவர் பட்டம் வாங்கினது நம்ம மதுரை காமராசர் பல்கலைக்கழகத்துல. அதைப் படிச்ச அன்னைக்கு எனக்கு ஒரு மாதிரி சந்தோஷமா இருந்துச்சு, காரணம் உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

ரெண்டாவது கேள்வி அப்பாகிட்ட இருந்து. அப்ப கேட்டுட்டுதான் இருந்திருக்கார்! "மகரந்தம் காத்துல பறந்து பக்கத்துக் கொல்லைக்குப் போயிடாதா?"

மரபணு மாற்றுப் பயிர்னாலே உலகம் முழுக்கக் கேட்கிற கேள்வி இதுதான். பசுங்கணிகத்துக்கு இதுல ஒரு வசதி இருக்கு. பெரும்பாலான பயிர்கள்ல பசுங்கணிகம் தாய்ச் செடி வழியா மட்டும்தான் அடுத்த தலைமுறைக்குப் போகும். மகரந்தம் வழியா போறது ரொம்ப அபூர்வம். அதனால புது மரபணு காத்துல பரவுற வாய்ப்பு ரொம்பக் குறைவு.

"அப்ப அம்மா வழிச் சொத்து"ன்னு அம்மா சிரிச்சாங்க. "என்கிட்ட இருந்து இந்தக் கால் வெடிப்பு மட்டும் உனக்கு வராம இருந்தா சரி."

அடுத்தது இன்சுலின். இதை ஆயாவுக்காகவே சேர்த்தேன்.

ஆயாவுக்குப் பன்னெண்டு வருஷமா சுகர். தினம் ஊசி. 2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் பாண்டிச்சேரி பக்கத்துல கரையைக் கடந்தது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். எங்க தெருவுல நாலு நாள் கரண்ட் இல்லை. பிரிக்காத இன்சுலின் பாட்டிலை 2 டிகிரியிலிருந்து 8 டிகிரிக்குள்ள வெச்சிருக்கணும். ஃப்ரிட்ஜ் செத்துப்போச்சு. ரோட்டுல தண்ணி, டவர் இல்லை. அம்மா ஒரு மண்பானையில ஈர மணலைப் போட்டு, அதுக்குள்ள சின்னச் சட்டியை வெச்சு, அதுல பாட்டிலைப் போட்டு ஈரத்துணியால மூடி வெச்சாங்க. நாலு நாளும் ஆயா அந்தப் பானையையே பார்த்துட்டு உட்கார்ந்திருந்தாங்களாம். நான் ஹாஸ்டல்ல இருந்து போன் போட்டுப் போட்டு ஓய்ஞ்சுபோயிட்டேன்.

அதனால டேனியல் குழுவோட இந்த ஆராய்ச்சியைப் படிச்சப்ப எனக்குக் கை கொஞ்சம் நடுங்கிச்சு. லெட்டூஸ் கீரையோட பசுங்கணிகத்துல மனித இன்சுலினுக்கான மரபணுவை வைக்கிறாங்க. இலையை உறைய வெச்சு, ஈரத்தை எடுத்து, பொடியாக்குறாங்க. செடியோட செல் சுவர் அந்த மருந்தை வயித்து அமிலத்துல இருந்து காப்பாத்துது. குடலுக்குப் போனப்புறம் அங்க இருக்கிற பாக்டீரியாக்கள் சுவரை உடைக்க, மருந்து வெளிய வருது. ஊசி வேண்டாம். பொடிக்கு ஃப்ரிட்ஜும் வேண்டாம். 2023-ல சர்க்கரை நோய் உள்ள எலிகளுக்கு வாய் வழியா குடுத்து, சர்க்கரை அளவு கட்டுக்குள்ள வர்றதைக் காட்டினாங்க.

ஆயா எல்லாத்தையும் கேட்டுட்டு நிதானமா கேட்டாங்க. "கண்ணு, ஊசின்னா முள்ளு பார்த்து இத்தினி யூனிட்டுன்னு ஏத்திக்கிறேன். கீரைன்னா எவ்ளோன்னு எப்டித் தெரியும்? ஒரு கட்டுல கூட இருக்கும், ஒரு கட்டுல கம்மியா இருக்கும். கூடிப்போனா மயக்கம் வந்துருமே?"

அளவு. டோஸ். இலைக்கு இலை, அறுவடைக்கு அறுவடை மருந்து அளவு மாறலாம்ங்கிறதும், ஒருத்தர் குடல்ல எவ்வளவு உள்ள போகும்ங்கிறதும், தாவர மருந்துத் துறையே மண்டையை உடைச்சுக்கிற விஷயம். பொடியாக்கி, ஒவ்வொரு தொகுப்பையும் அளந்து, கேப்ஸ்யூல்ல அடைக்கிறதே அதுக்காகத்தான். "இது எலியில பார்த்தது ஆயா. மனுஷங்களுக்குப் பரிசோதிச்சு அளவு முடிவு பண்ணாம யாரும் குடுக்க மாட்டாங்க"ன்னேன்.

"அதுவரைக்கும் பானையை உடைச்சுடாதீங்க"ன்னாங்க ஆயா.

கடைசியா உப்பு. என் பேச்சோட உச்சக்கட்டம்னு நான் நினைச்சிருந்த பகுதி.

செடிக்கு உப்பு ரெண்டு வகையில எமன். வெளியில உப்பு அதிகமா இருந்தா வேரால தண்ணியை இழுக்க முடியாது. சோடியம் உள்ள போனா செல்லோட வேலையே கெடும். எங்க உப்பளக் கரையில வளர்ற உமரி மாதிரி செடிங்க இதைச் சமாளிக்க கிளைசின் பீட்டைன்னு ஒரு பொருளைச் செல்லுக்குள்ள சேர்த்து வெச்சுக்கும். 2004-ல டேனியல் குழு, அந்தப் பொருளை உருவாக்க உதவுற நொதியோட மரபணுவை கேரட்டோட பசுங்கணிகத்துல வெச்சாங்க. அந்தக் கேரட் 400 மில்லிமோலார் உப்புலயும் வளர்ந்துச்சு. கணக்குப் போட்டா லிட்டருக்கு சுமார் 23 கிராம் உப்பு. கடல் தண்ணியில சுமார் 35 கிராம். அதாவது கடலோட உப்புல மூணுல ரெண்டு பங்கு.

2004. அந்த வருஷம் எங்க ஊருக்கு வேற காரணத்துக்காக மறக்காது. டிசம்பர் 26 சுனாமி. நான் அப்ப நாலு மாசக் குழந்தை. தாத்தா அரைக் காணியில மல்லாட்டை போட்டிருந்தார். கடல் வந்து நின்னுட்டுப் போச்சு. மேல இருந்த உப்பை அடுத்தடுத்த மழை கொஞ்சம் கொஞ்சமா கழுவிட்டாலும், கிணத்துத் தண்ணி பழைய ருசிக்குத் திரும்பவே இல்லை. தாத்தா அப்புறம் அந்த நிலத்துல எதுவும் போடலை. அவர் போய்ச் சேர்ந்தும் ஆறு வருஷம் ஆச்சு.

அதனால நான் கொஞ்சம் உணர்ச்சிவசப்பட்டுட்டேன். "பாரும்மா, அதே வருஷம்! நம்ம கொல்லையில உப்பு ஏறின அதே வருஷம், உப்பைத் தாங்குற செடியை அங்க பண்ணிட்டாங்க. இது மட்டும் நம்ம ஊருக்கு வந்தா, உப்புத் தண்ணியையே பாய்ச்சி விவசாயம் பண்ணலாம்!"

அம்மா உடனே எதுவும் சொல்லலை. கொஞ்ச நேரம் கழிச்சு கேட்டாங்க.

"செடி தாங்கும்டி. மண்ணு? உப்புத் தண்ணியைப் பாய்ச்சினா தண்ணி வெயில்ல போயிடும், உப்பு எங்க போகும்? மறுநாள் மறுபடி பாய்ச்சுவ. அதையேதான நாங்க அளத்துல தினம் பண்றோம்? நீ கொல்லையை அளமாக்கச் சொல்ற."

நான் வாயடைச்சுப் போயிட்டேன்.

யோசிச்சுப் பாருங்க. உப்பளம்னா என்ன? கடல் தண்ணியைப் பாத்தியில நிறுத்தி, வெயில்ல காயவிட்டு, மிஞ்சுற உப்பை வாருறது. வடிகால் இல்லாத வயலுக்கு உப்புத் தண்ணி பாய்ச்சினா நடக்கிறதும் அதேதான். முதல் போகத்துல லிட்டருக்கு 23 கிராமைத் தாங்கின செடி, நாலாவது போகத்துல எவ்வளவைத் தாங்கணும்? தாங்குற செடியோட, உப்பை வெளியேத்துற வடிகாலும், கழுவிவிட நல்ல தண்ணியும் வேணும். இது நீர்ப்பாசனத்துல பழைய பாடம்தான். ஆனா மரபணுவைப் பத்தியே அறுபது பேப்பர் படிச்ச எனக்குத் தோணலை. இருபது வருஷம் உப்பு வாரின அம்மாவுக்கு உடனே தோணுச்சு.

அப்பா வலையைச் சுருட்டிக்கிட்டே இன்னொண்ணு கேட்டார். "கேரட்டை இங்க யார் போடுறா? நெல்லுக்கு வந்திருக்கா?"

அதுவும் சரியான அடி. புகையிலை, தக்காளி, உருளைக்கிழங்கு, சோயா, பருத்தி, கேரட்னு பல செடியில பசுங்கணிக மாற்றம் வந்துடுச்சு. நெல், கோதுமை மாதிரி தானியங்கள் மட்டும் லேசுல மசியறது இல்லை. ஸ்பெக்டினோமைசினை அதுங்க இயல்பாவே தாங்கும், அதனால களை எடுக்கிற அந்த வழி அங்க செல்லாது. ஆய்வகத்துல வளர்க்கிற தானியச் செல்கள்ல முழுசா வளர்ந்த பச்சையும் இருக்காது. நம்ம சென்னை எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அலையாத்தி மரமான வெண்கண்டல்ல இருந்து மரபணு எடுத்து நெல்லுக்குள்ள வெச்சு, உப்பைத் தாங்கும் திறன் கூடுறதைக் காட்டியிருக்காங்க. ஆனா அவங்க போனது நியூக்ளியஸ் வழி, பசுங்கணிக வழி இல்லை.

அன்னைக்கு ராத்திரி சாப்பிட்டுட்டு ஸ்லைடை எல்லாம் பிரிச்சு மறுபடி அடுக்கினேன். கடைசி ஸ்லைடுல "எதிர்காலம் பிரகாசமானது"ன்னு ஒரு சூரியன் படம் போட்டு வெச்சிருந்தேன். அதை அழிச்சேன். அந்த இடத்துல நாலு கேள்வி போட்டேன். எல்லா நகலும் மாறினதா? அளவை எப்படி உறுதி செய்வது? நாம் சாப்பிடும் பயிருக்கு எப்போது? மண்ணில் சேரும் உப்பு எங்கே போகும்?

மாநாட்டுல பேசினேன். முதல் நிமிஷம் குரல் நடுங்கிச்சு, அப்புறம் சரியாயிடுச்சு. கேள்வி நேரத்துல வெளியில இருந்து வந்திருந்த பேராசிரியர் ஒருத்தர் கடைசி ஸ்லைடை மறுபடி போடச் சொன்னார். நாலாவது கேள்வியைக் காட்டி, "இதை எந்தப் பேப்பர்ல இருந்து எடுத்தீங்க?"ன்னு கேட்டார்.

"பேப்பர் இல்லை சார். எங்க அம்மா கேட்டது. உப்பளத்துல வேலை செய்றாங்க."

"எந்த ஊரும்மா?"

"பாண்டிச்சேரி பக்க..."ன்னு ஆரம்பிச்ச வாயை நிறுத்தினேன். "எக்கியார்குப்பம் சார். மரக்காணம்."

அவர் தலையாட்டினார். நான் பயந்த அந்தச் செய்தி அவருக்கு ஞாபகம் வந்துச்சான்னு தெரியலை. "உப்பைத் தாங்குற செடியைப் பத்திப் பேசறவங்க உங்க ஊருக்கு ஒரு தடவை வந்துட்டுப் பேசினா நல்லா இருக்கும்"னு மட்டும் சொல்லிட்டு உட்கார்ந்தார்.

பரிசு கிடைக்கலை. ஒரு சான்றிதழும், ஒரு பேனாவும், மதியம் தக்காளி சாதமும் கிடைச்சுது. சான்றிதழை போட்டோ எடுத்து அம்மாவுக்கு அனுப்பினேன். "உன் பேருக்குக் கீழ காலேஜ் பேர் மட்டும் போட்டிருக்கு, ஊர் பேர் காணோமே"ன்னு கேட்டாங்க. அடுத்த தடவை நானே எழுதிக் குடுக்கிறேன்னு சொல்லியிருக்கேன். இந்தக் கட்டுரைக்கு எழுதிக் குடுத்துட்டேன், கீழ பாருங்க.

உங்க கிட்ட ஒண்ணே ஒண்ணு கேட்டுக்கிறேன். அடுத்து செமினார், புராஜெக்ட் ரிவ்யூன்னு எது வந்தாலும், கண்ணாடி முன்னாடி நின்னு ஒத்திகை பார்க்கிறதுக்குப் பதிலா வீட்டுல ஒரு தடவை சொல்லிப் பாருங்க. உங்க அப்பா லேத்துல நிக்கிறவரா இருக்கலாம், உங்க அம்மா பூ கட்டுறவங்களா இருக்கலாம். அவங்க என்ன கேட்கிறாங்கன்னு எழுதி வெச்சுக்கோங்க. நம்ம கேள்வி நேரத்துல யாரும் கேட்காத கேள்வி அங்க வரும்.

ஆயாவோட பானை இன்னும் அடுப்பங்கரை மூலையிலதான் இருக்கு. மணல் மட்டும் காய்ஞ்சிருக்கு. ஐப்பசி பிறந்தா மறுபடி நனைக்கணும்.

— மூன்றாம் ஆண்டு, பயோடெக்னாலஜி
எக்கியார்குப்பம்